வேலூர் மொட்டை மாடியிலிருந்து விருச்சிகம் பார்க்க

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரை அடுத்து நட்சத்திரத்தைக் கேட்பார். "கேட்டை, விருச்சிக ராசி" என்று யோசிக்காமல் சொல்லிவிடுவோம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மூலம் என்ற சொல் வந்தால் சட்டென்று ஒரு மௌனம் விழும். சரி, அந்தக் கேட்டை எங்கே, மூலம் எங்கே, வானத்தில் காட்டுங்கள் என்றால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும் வருடத்தில் பாதி நாள் அது நம் தலைக்குத் தெற்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், எந்த மாதம் எந்த மணிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

பன்னிரண்டு ராசிகளில் முதலில் விருச்சிகத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேஷத்தில் ஆட்டைப் பார்க்க நிறைய கற்பனை வேண்டும். கடகத்தை ஊருக்குள்ளிருந்து பார்க்கவே முடியாது. விருச்சிகம் அப்படியில்லை. தலை, சிவந்த நெஞ்சு, வளைந்த வால், நுனியில் கொடுக்கு என்று தேள் தேளாகவே நிற்கும். அது நன்றாகத் தெரியும் ஊர் நம் ஊர். வேலூர் பூமத்திய ரேகைக்கு 13 பாகை (டிகிரி) வடக்கே இருக்கிறது. அதனால் கேட்டை தெற்கு உச்சிக்கு வரும்போது அடிவானத்திலிருந்து 50 பாகை உயரத்தில் இருக்கும், வாலின் அடிப்பகுதி கூட 34 பாகைக்குக் கீழே போகாது. டெல்லியில் அதே வால் 18 பாகையில் தூசிக்குள் மங்கிப் போகும். லண்டனில் இருப்பவர் வாலை முழுதாகப் பார்க்கவே முடியாது. நமக்குத் தெற்கே ஜவ்வாது மலை மறைக்குமே என்று சிலர் கேட்பார்கள். மறைக்காது, இந்தத் தேள் மலைக்கு வெகு மேலே ஊர்கிறது.

முதலில் நேரம். இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். எந்த நட்சத்திரமும் தினம் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு 2 மணி நேரம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அட்டவணையே வேண்டாம். ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் சமயம், கேட்டை இரவு ஒன்பதரைக்குத் தென்கிழக்கில் எழும். மே நடுவில் ஏழரைக்கே எழுந்துவிடும். மே கடைசியில் சூரியன் மேற்கே விழவும் கேட்டை கிழக்கே எழவும் சரியாக இருக்கும், நள்ளிரவில் நேர் தெற்கே நிற்கும். ஜூன் நடுவில் இரவு பதினொன்றுக்கும், ஜூலை நடுவில் ஒன்பதுக்கும், ஆகஸ்ட் நடுவில் ஏழுக்கும் தெற்கு உச்சி. செப்டம்பர், அக்டோபரில் இருட்டியதும் தென்மேற்கில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கும். அதோடு சரி, காணாமல் போய்விடும்.

கார்த்திகை மாதம் முழுவதும் தேடாதீர்கள். அந்த மாதத்தில் சூரியனே விருச்சிக ராசியில் இருக்கிறது. மலையாளத்தில் அந்த மாதத்துக்கு விருச்சிகம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் சூரியன் கேட்டைக்குச் சற்று வடக்கே கடந்து போகும். பகல் வெளிச்சத்தில் நட்சத்திரம் எங்கே தெரியப் போகிறது? அப்புறம் மார்கழி கடைசியில், விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் தென்கிழக்கே நிமிர்ந்தால் திரும்பி வந்திருப்பது தெரியும்.

என்னைக் கேட்டால் மாசி, பங்குனி விடியற்காலைதான் முதல் இடம். மார்ச் நடுவில் காலை ஐந்து மணிக்குத் தேள் நேர் தெற்கே நிற்கும். மழை மேகம் இருக்காது, தெருவில் வண்டி இருக்காது, காற்று குளிர்ந்திருக்கும். அவ்வளவு காலையில் எழ முடியாது என்றால் சித்திரையில் இரவு பதினொன்றுக்கு மேல். ஆனி, ஆடியில் நேரம் வசதிதான், ஆனால் நம் பக்கம் சாயங்காலம் இடி மேகம் கூடிவிடும். மழை பெய்து ஓய்ந்த இரவு மட்டும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், அந்த இரவை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இடம். ஊருக்குள் சத்துவாச்சாரியிலோ காந்தி நகரிலோ மொட்டை மாடியிலிருந்தே கேட்டையும் தலையின் மூன்று நட்சத்திரங்களும் கொடுக்கும் தெரியும். ஆரம்பத்துக்கு அது போதும். காட்பாடிக்கு முதுகைக் காட்டி, பாகாயம் பக்கம் முகம் வைத்து நின்றால் அதுதான் தெற்கு. பாலாற்று மணலில் நின்று பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே நின்றால் தெற்கே டவுன் வெளிச்சம் முழுவதும் கண் முன்னால் இருக்கும், அதனால் நான் அதைச் சொல்லமாட்டேன். வால் முழுவதும், அதன்மேல் படியும் பால்வெளியும் தெரிய வேண்டுமென்றால் ஊரின் வெளிச்சம் முதுகுப் பக்கம் வருமாறு தெற்கே போங்கள். ஸ்ரீபுரம் விளக்குகளையும் தாண்டி அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம், இல்லாவிட்டால் ஆரணி சாலையில் கணியம்பாடி தாண்டி. தெரிந்தவர் நிலமோ களத்துமேடோ இருந்தால் நல்லது. தனியாகப் போக வேண்டாம், அக்கம்பக்கத்து வீட்டுக்காரரிடம் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களும் கூட வந்து நின்றுவிடுவார்கள். தரையில் உட்காருமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாறை நிறைந்த நம் நிலத்தில் கல்லுக்கடியில் நிஜத் தேளும் இருக்கும்.

மாடியானால் சாயங்காலம் ஆறு மணிக்கே இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வேலூர் வெயில் குடித்த தளம் இரவு பத்து மணிக்கும் முதுகைச் சுடும். பாயை விரித்து, கால் தெற்குப் பக்கம் வரும்படி படுத்துக்கொள்ளுங்கள். நின்று அண்ணாந்தால் கால் மணி நேரத்தில் கழுத்து வலித்து, ஆசையும் போய்விடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடி பேப்பரை இரண்டு மடிப்பு மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. ஸ்டெல்லேரியம் மாதிரி வான வரைபட ஆப் வைத்திருந்தால் அதைச் சிவப்புத் திரைக்கு மாற்றி, கண்டுபிடித்த பிறகு சரிபார்க்க மட்டும் எடுங்கள். திரையில் முதலில் பார்த்தவர்களுக்கு வானம் மனதில் தங்குவதில்லை, இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

வானத்தில் தூரம் அளக்க நம் கையே அளவுகோல். கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சுண்டு விரல் அகலம் 1 பாகை. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்குங்கள். உச்சி நேரத்தில் ஐந்தாவது முஷ்டியின் மேல் விளிம்பில் ஒரு செம்மஞ்சள் நட்சத்திரம் நிற்கும். அதுதான் கேட்டை.

அதன் நிறத்தை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். அணையப் போகும் கரித்துண்டு ஊதும்போது உள்ளே சிவக்குமே, அந்தச் சிவப்பு. இரண்டு பக்கமும் சற்று மங்கலாக ஒவ்வொரு வெள்ளை நட்சத்திரம், பல்லக்கின் முன்னும் பின்னும் ஆள் நிற்பது போல. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கேட்டை என்பது பழைய கணக்கு. நடுவில் சிவந்திருப்பதை மேல்நாட்டார் அன்டாரெஸ் என்பார்கள், செவ்வாய்க்குப் போட்டி என்று பொருள். நம் சோதிடமும் விருச்சிக ராசிக்கு அதிபதியாகச் செவ்வாயையே வைத்திருக்கிறது. சில வருடங்களில் செவ்வாய்க் கிரகம் இதன் பக்கத்திலேயே வந்து நிற்கும், புதியவர்கள் குழம்புவது அப்போதுதான். மினுக்கென்று துடித்தால் கேட்டை, அசையாத வெளிச்சமாக இருந்தால் செவ்வாய். மலை உச்சிக் கோபுரத்துச் சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். பக்கத்திலிருக்கும் தென்னை மட்டையை அடையாளமாக வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தால் விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும், நட்சத்திரம் நகர்ந்திருக்கும்.

கேட்டை ஒரு பூதாகாரமான நட்சத்திரம். சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டி நிற்கும். தூரம் சுமார் 550 ஒளியாண்டு, அதாவது வெளிச்சம் இங்கே வந்து சேர 550 வருடம் ஆகும். இன்றிரவு உங்கள் கண்ணில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதில் எழவில்லை, கோட்டை 16ஆம் நூற்றாண்டு வேலை.

அப்படியும் கேட்டை பிடிபடவில்லையா? நம் வீட்டுச் சுவரிலேயே ஒரு வழி தொங்குகிறது. தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறதே, அது அன்றைக்கு நிலா வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதன் குறிப்பு. நிலா 27 நாள் சொச்சத்தில் வானத்தை ஒரு சுற்று சுற்றுகிறது, அதனால்தான் 27 நட்சத்திரம். காலண்டரில் அனுஷம் எத்தனை மணி வரை என்று பாருங்கள். அது முடிந்து கேட்டை தொடங்கும் நேரத்தை ஒட்டி நிலா அந்தச் சிவந்த நட்சத்திரத்துக்கு மிக அருகில் வரும். கேட்டை நாள் முழுதும் ஏன் இல்லை என்றால், பஞ்சாங்கம் வானத்தை 27 சம பங்காக வெட்டிக்கொள்கிறது, நிஜ நட்சத்திரங்கள் சம தூரத்தில் இல்லை. வெட்டிய கணக்கில் இந்த நட்சத்திரம் அனுஷப் பங்கின் கடைசியில் விழுகிறது. உங்கள் காலண்டர் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதைப் பொறுத்து நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும். நிலா சில வருடங்களில் கேட்டையை உரசிப் போகும், மறைத்தும்விடும். சில வருடங்களில் ஒரு முஷ்டி வரை தள்ளிப் போகும். நிலாவுக்குப் பக்கத்தில் சிவப்பாக எது இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, நாலைந்து நாள் கழித்து, நிலா நகர்ந்தபின் அதே இடத்தைப் பாருங்கள். ஆனி மாதப் பௌர்ணமியில் மட்டும் இந்த வேலை வேண்டாம். முழு நிலா இந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் வெளுத்துவிடும்.

கேட்டை கிடைத்தபின் அதற்கு வலது பக்கம், ஒரு முஷ்டிக்குள், மேலும் கீழுமாக வரிசையில் மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். அவை அனுஷம், தேளின் தலை. உதிக்கும்போது இவைதான் முதலில் எழும், அரை மணி கழித்துக் கேட்டை, இன்னும் ஒன்றேகால் மணி போனால் கொடுக்கு. அவசரப்பட்டு, தேள் முழுதாக எழுமுன் படுக்கப் போய்விடாதீர்கள்.

புறநானூற்றில் கூடலூர் கிழார் பாடிய 229ஆம் பாட்டில் பங்குனி மாதத்து நள்ளிரவு வானம் வருகிறது. அதில் முடப்பனை என்று ஒரு நட்சத்திரக் கூட்டம். வளைந்த பனை என்று பொருள், அனுஷம்தான் அது என்கிறது பழைய உரை. நான் அதை வெறும் உவமை என்றே நினைத்திருந்தேன். ஒரு பங்குனி இரவு ஒடுகத்தூர்ப் பக்கம் ஏரிக்கரையில் நின்றபோது, கரைமேல் வளைந்து போன ஒரு பனையும் அதன் பின்னால் அப்போதுதான் எழுந்த அனுஷமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. தலைப் பக்கம் கொண்டையாகச் சில நட்சத்திரம், கீழே வளைந்த அடிமரம். அன்றிலிருந்து எனக்கு அது தேளாகத் தெரிவதைவிடப் பனையாகவே அதிகம் தெரிகிறது.

இனி வால். கேட்டையிலிருந்து ஒரு முஷ்டி கீழே, சற்று இடதாக வந்தால் ஒரு வெள்ளை நட்சத்திரம். இன்னும் மூன்று நான்கு விரல் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடி. இது கண்ணுக்குப் பரீட்சை. கண்ணாடி இல்லாமல் இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் பார்வை நன்றாக இருக்கிறது. அதற்கும் கீழே மறுபடி ஒரு ஜோடி, அதில் ஒன்று நமக்குக் கிட்டே, மற்றது அதைப்போல் பல மடங்கு தூரத்தில், பார்ப்பதற்குத்தான் பக்கம் பக்கம். அங்கிருந்து வரிசை இடது பக்கம் திரும்பி, தூண்டில் முள் மாதிரி மேலே சுருண்டு ஏறும். சுருளின் முடிவில் பூனைக் கண் போல இரண்டு நட்சத்திரம் நெருங்கி நிற்கும். அதுதான் கொடுக்கு. கொடுக்கும் அதைச் சுற்றிய சுருளும்தான் மூலம். ஜாதகக் கட்டத்தில் மூலம் தனுசில் இருக்கிறது, வானத்தில் அது தேளின் வாலாகவே தெரிகிறது. பெண்ணுக்கு மூலம் என்றால் ஆகாது என்று சொல்லி எத்தனை சம்பந்தங்களைத் தட்டிக்கழித்திருக்கிறார்கள்! இந்தச் சுருளை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மனம் வராது என்றே நம்புகிறேன், தெற்கு வானத்தில் இதைவிட அழகான வளைவு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆயா இதைக் கடிகாரமாக வைத்திருந்தார். வேர்க்கடலைக் காவலுக்குப் போகும் இரவுகளில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "இன்னா நைனா, தேளு சாஞ்சிடுச்சி பாரு, மாத்து ஆளை எழுப்பு" என்பார். தேள் நேர் தெற்கு தாண்டி மேற்கே சாயும் நேரம் எந்த மாதத்தில் எப்போது என்று அவருக்கு மனக்கணக்கு. பள்ளிக்கூடம் போனதில்லை.

பைனாகுலர் இருந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். வாங்குவதானால் 7x50 அல்லது 10x50 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில்), அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகும். கேட்டைக்கு ஒட்டி வலது பக்கம், ஒரு விரல் தள்ளி, சாம்பலை ஊதியதுபோல் மங்கலான ஒரு உருண்டை தெரியும். எம்4 என்ற நட்சத்திரக் கொத்து, சுமார் 6000 ஒளியாண்டு தூரம், அந்த வகையில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றில் ஒன்று. இன்னொன்று கொடுக்குக்கு இடது பக்கம் எம்7 என்ற கொத்து. இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே திட்டாகத் தெரியும், பழங்கால வானியலாளர் டாலமி கி.பி. 130 வாக்கில் எழுதி வைத்திருக்கிறார். பைனாகுலரில் அது சிதறிய கற்கண்டு. பக்கத்தில் சற்று மேலே சின்னதாக எம்6. நம் பால்வெளியின் மையமும் இந்தப் பக்கம்தான், கொடுக்குக்குக் கொஞ்சம் மேலே இடதாக, சுமார் 26,000 ஒளியாண்டு உள்ளே. அது கண்ணுக்குத் தெரியாது, முன்னால் தூசி மேகம்.

ஒரு தடவை காவலூருக்கும் போய்வாருங்கள். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் சாலையில், ஜவ்வாது மலைமேல் 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். பழைய வட ஆற்காடு, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் நாம் மேலே பார்த்த அதே 12, 13 பாகைதான், தெற்கு வானம் இங்கிருந்து நிறையத் தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர், அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம். விசாரித்துவிட்டு, மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, மணி, எத்தனை முஷ்டி உயரம் என்று எழுதி, பார்த்ததைப் புள்ளி வைத்து வரைந்துவிடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. அடுத்த மாதம் அதே தேதியில் இரண்டு மணி முன்னதாக அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அர்ச்சனையில் சொல்லும் நட்சத்திரங்களின் வரிசைதான் வானத்திலும் மேற்கிலிருந்து கிழக்காக வரும் வரிசை. கேட்டையிலிருந்து பின்னோக்கி வலது பக்கம் நடந்தால் விசாகம், அதற்கும் அப்பால் நீலவெள்ளையாகச் சித்திரை. கொடுக்கிலிருந்து ஒரு முஷ்டி இடது பக்கம் வைத்தால் பூராடம், தனுசு அங்கே ஆரம்பிக்கிறது.